ஸ்கீ தெரியாமல் ஸெர்மாட் போகிறவர்களுக்கு: பகல், சாப்பாடு, இரவு

குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட்டுக்குப் போகப் போகிறீர்கள். கூட வருகிற நண்பர்கள் காலையிலேயே பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், உங்களுக்கு அது தெரியாது, இப்போதைக்குக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அல்லது குடும்பத்தில் ஒருவருக்குமே தெரியாது, பனியையும் மாட்டர்ஹார்ன் சிகரத்தையும் பார்த்தால் போதும். இந்த இரண்டு வகை ஆட்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். சறுக்கத் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று முழு நாள் இருந்தாலும் சில இடங்களை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று. நாளைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். மலையிலிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு இறங்குகிறது, இரவுச் சாப்பாட்டுக்கு மேஜை எத்தனை மணிக்குக் கிடைக்கிறது, இந்த இரண்டையும் முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வந்து காலையை முடிவு செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் பல கேபிள் கார்கள் நாலு, நாலரை மணி வாக்கிலேயே நின்றுவிடும். ஸ்கீ போடுகிறவர்களுக்கு அது பெரிய கவலை இல்லை, சறுக்கிக்கொண்டே ஊருக்கு வந்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த வழி கிடையாது. அதனால் உங்கள் நாளை நடத்துவது கால அட்டவணைதான்.

போய்ச் சேருவதும் முதல் நாளும்

ஸெர்மாட்டில் பெட்ரோல், டீசல் கார்கள் கிடையாது. காரில் வருகிறவர்கள் 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் ஏற வேண்டும், 12 நிமிடப் பயணம். சூரிக் விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் விஸ்ப் நிலையத்தில் ஒரே ஒரு முறை வண்டி மாறினால் போதும், மொத்தம் மூன்றரை மணி நேரம் போல ஆகும். பெரிய பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், விஸ்பில் மாறுவதற்கு நிறைய நேரம் இருக்காது.

ஊருக்குள் ஓடுவது மின்சார டாக்சியும் மின்சாரப் பேருந்தும்தான். கேட்க அழகாக இருக்கும், ஆனால் அவை சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். நிலையத்திலிருந்து தேவாலயம் வரை போகும் கடைத்தெரு குறுகலானது, குழந்தைகள் கூட இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். அப்புறம் செருப்பு விஷயம். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கே உதவாது. பகலில் உருகிய பனி மாலையில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற பூட்ஸ் இல்லையென்றால், ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகளை ஊரிலேயே விளையாட்டுக் கடையில் வாங்கலாம். விழுந்து கை உடைவது சறுக்கப் போனவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

முதல் நாள் மேலே ஏறாதீர்கள். ஊரே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, விமானக் களைப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த அரை நாளுக்கு ஊருக்குள்ளேயே நல்ல வேலை இருக்கிறது. ஹின்டர்டோர்ஃப் என்ற பழைய தெருவில் சில நூறு வருடங்களுக்கு முந்தைய மர வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் வெயிலில் கறுத்துப்போய் நிற்கின்றன. களஞ்சியங்களின் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு காலுக்கும் மேல் வட்டமான கல் பலகை ஒன்று இருக்கும். எலி ஏறி வந்தால் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது.

அங்கிருந்து தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தரைக்கு அடியில் பழைய கிராமத்தையே அமைத்து வைத்திருக்கிறார்கள். 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்னில் முதன்முதலாக மனிதர் ஏறியது 1865 ஜூலை 14 அன்று. எட்வர்ட் விம்பரின் குழுவில் ஏழு பேர் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நாலு பேர் விழுந்து இறந்தார்கள். விம்பரும், பீட்டர் டாக்வால்டர் என்ற ஒரே பெயருள்ள அப்பா, மகன் வழிகாட்டிகள் இருவரும் மட்டும் உயிரோடு திரும்பினார்கள். அறுந்த அந்தக் கயிறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எவ்வளவு மெல்லியது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டு வெளியே வந்தால் தேவாலயத்தை ஒட்டி மலையேறிகளின் கல்லறைத் தோட்டம். பல கல்லறைகளில் இருபது வயதுக்காரர்கள். இந்த இரண்டையும் பார்த்த பிறகு அந்த மலையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும், அதனால்தான் முதல் நாளில் வைக்கச் சொல்கிறேன்.

மிச்ச நேரத்துக்கு ஊர் நடுவில் பனித்தள மைதானம் இருக்கிறது, ஸ்கேட் வாடகைக்கு எடுக்கலாம், பனித்தளத்தில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் விளையாடுகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம்.

மலைக்கு எந்த நாள், எந்த வழி

மலை டிக்கெட்டுகள் விலை அதிகம். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தேதி போட்டு வாங்கி வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் மலை உச்சிகளின் நேரலைக் கேமராவைப் பாருங்கள், ஓட்டல் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் மேகமாக இருந்து மேலே வெயில் அடிப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. ஸ்விஸ் டிராவல் பாஸ் அல்லது அரைக்கட்டண அட்டை இருந்தால் கவுன்டரில் காட்டுங்கள், நல்ல தள்ளுபடி கிடைக்கும்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் நான் கோர்னர்கிராட் ரயிலைத்தான் சொல்வேன். 1898ல் தொடங்கியது, ஸ்விட்சர்லாந்தின் முதல் மின்சாரப் பல்சக்கர ரயில். 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு ஏற்றிவிடும். தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல் பட்டை, ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளரின் வடிவமைப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் நீலகிரி ரயிலிலும் இருப்பது அதே ஆப்ட் முறைதான், அந்தப் பாதை திறந்தது அடுத்த வருடமான 1899ல். ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள், மாட்டர்ஹார்ன் அந்தப் பக்கம்தான். மேலே இறங்கினால் கோர்னர் பனியாறும், ஸ்விட்சர்லாந்தின் மிக உயரமான சிகரமான 4,634 மீட்டர் டூஃபூர்ஷ்பிட்ஸும் எதிரில் நிற்கும். எதுவுமே செய்யாமல் அங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம்.

இறங்கும்போது நேராக ஊருக்கு வராதீர்கள். ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ரிஃபல்பெர்க் வரை மரச் சறுக்குவண்டிப் பாதை இருக்கிறது. 2,815 மீட்டரிலிருந்து 2,582 மீட்டருக்கு, உட்கார்ந்தபடியே. வண்டி வாடகைக்குக் கிடைக்கும். எந்தப் பயிற்சியும் வேண்டாம், குதிகாலை இரண்டு பக்கமும் பனியில் ஊன்றினால் வேகம் குறையும், ஒரு பக்கம் மட்டும் ஊன்றினால் அந்தப் பக்கம் திரும்பும். ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள், பெரியவர்களும்தான். கீழே வந்ததும் அதே ரயிலில் ஏறி மறுபடி மேலே போய்ச் சறுக்கலாம், பலர் மதியம் முழுக்க இதையேதான் செய்கிறார்கள். சறுக்கத் தெரியாதவர்களுக்கு மலையில் கிடைக்கும் மிகப் பெரிய சந்தோஷம் இதுதான் என்பது என் கருத்து. இந்த ரயில் கேபிள் கார்களைவிட மாலையில் தாமதமாகவும் ஓடும் என்பதால் அவசரமும் குறைவு.

அடுத்தது கிளைன் மாட்டர்ஹார்ன், 3,883 மீட்டர், ஐரோப்பாவின் மிக உயரமான கேபிள் கார் நிலையம். பனியாற்றின் மேற்பரப்பிலிருந்து 15 மீட்டர் ஆழத்தில் குடைந்த பனி மாளிகைக்குள் நடந்து போகலாம். இங்கே உயரத்தை மதிக்க வேண்டும். ஊரிலிருந்து ஒரே மூச்சில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், தலைவலி, மூச்சு வாங்குதல், லேசான மயக்கம் சாதாரணமாக வரும். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், குமட்டினால் பிடிவாதம் பிடிக்காமல் அடுத்த வண்டியில் இறங்கிவிடுங்கள். கைக்குழந்தையையும் இதயக் கோளாறு உள்ள பெரியவர்களையும் கூட்டிப் போக வேண்டாம். முந்தின இரவு நிறையக் குடித்திருந்தால் அன்றைக்கு இந்தப் பயணமே வேண்டாம்.

2023 ஜூலையிலிருந்து இங்கிருந்து இன்னொரு கேபிள் கார் எல்லை தாண்டி இத்தாலியப் பக்கம் இறங்குகிறது. ஸ்கீ இல்லாமலேயே செர்வீனியாவுக்குப் போய் மதியம் பாஸ்தா சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கடைசித் திரும்பும் வண்டியின் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு போனில் அலாரம் வையுங்கள். காற்று பலமாக அடிக்கும் என்று முன்னறிவிப்பு இருந்தால் அந்தப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். வண்டி நின்றுவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு சாலை வழியாக ஸெர்மாட் திரும்பப் பல மணி நேரம் ஆகும், செலவும் பயங்கரம்.

மதியச் சாப்பாடு மலையில்தான்

ஊரில் காலை உணவை முடித்து, மதியத்தை மலையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபிண்டெல்ன் என்ற குக்கிராமம். சுன்னெகாவுக்குச் சுரங்கத்துக்குள் கம்பியால் இழுக்கப்படும் ஃபுனிகுலர் ரயில் சில நிமிடங்களில் 2,288 மீட்டருக்கு ஏற்றிவிடும், அங்கிருந்து குளிர்கால நடைபாதையில் இறங்கினால் கறுத்த மர வீடுகளுக்கு நடுவில் உணவகங்கள். செஸ் வ்ரோனி மிகப் பிரபலம், ஃபிண்ட்லர்ஹோஃபும் நல்ல பெயர் எடுத்தது. வெயில் இருந்தால் எல்லோரும் வெளியே ஆட்டுத்தோல் விரித்த பெஞ்சில் மாட்டர்ஹார்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மேஜையை முன்பதிவு செய்யாமல் போனால் பசியோடு திரும்ப வேண்டியதுதான், பிப்ரவரியில் சில நாள் முன்னாலேயே கூப்பிட வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் குளிர்கால நடைபாதைக்கான பலகைகள் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும், அவற்றை மட்டும் பின்தொடருங்கள். சறுக்குப் பாதையில் குறுக்கே நடக்காதீர்கள், மேலிருந்து வருகிறவருக்கு உங்களைப் பார்த்துவிட்டு நிற்க நேரம் இருக்காது. சாப்பிட்டதும் சுன்னெகாவுக்கு ஏறிப் போவதா, ஊர் வரை நடந்தே இறங்குவதா என்பதை உட்காரும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பனியில் பட்டு எதிரொளிக்கும் வெயில் நம் கறுப்புத் தோலையும் சுட்டுவிடும்.

என்ன சாப்பிடுவது, எப்படிக் கேட்பது

ஸெர்மாட் இருப்பது வாலே மாநிலத்தில். அங்கே முதல் மரியாதை ராக்லெட்டுக்கு. பாதி வட்டச் சீஸை நெருப்புக்கு முன்னால் காட்டி, உருகிய மேல் அடுக்கைத் தட்டில் வழித்துப் போடுவார்கள், கூடவே தோலோடு அவித்த உருளைக்கிழங்கும் புளிப்பு வெள்ளரியும் சின்ன வெங்காயமும். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்தது சூடாக வரும். உருக்கிய சீஸில் ரொட்டியை முக்கித் தின்னும் ஃபோன்டூ எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கு 30 ஃபிராங்க் வாக்கில் ஆகும். ரொட்டித் துண்டை முள்கரண்டியில் குத்தி அடிவரை கிளறி எடுக்க வேண்டும், மேலாக முக்கினால் சீஸ் அடியில் பிடித்துவிடும். கடைசியில் சட்டியின் அடியில் முறுகலாக ஒரு தகடு இருக்கும், அதைச் சுரண்டிப் பங்கு போட்டுத் தின்பதுதான் முத்தாய்ப்பு, விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். மான்டே ரோசா ஓட்டலில் இருக்கும் விம்பர் ஷ்டூபே ஃபோன்டூவுக்கு நல்ல இடம். விம்பர் 1865ல் மலையேறக் கிளம்பியது அந்த ஓட்டலிலிருந்துதான்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சீஸ் என்றால் சைவம் என்று அங்கே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், ஆனால் பாரம்பரிய ஸ்விஸ் சீஸ்கள் பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கப்படுபவை. உங்களுக்கு அது முக்கியம் என்றால் மெனுவை நம்பாமல் கேளுங்கள். ஃபோன்டூவில் வெள்ளை ஒயினும் பெரும்பாலும் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் கலந்திருக்கும், குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் 'ஓனே அல்கோஹோல்' (மது இல்லாமல்) என்று சொல்லிக் கேட்டால் சில இடங்களில் செய்து கொடுப்பார்கள். ரோஸ்டி என்பது உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்தது, அதிலும் மக்ரோனி சேர்த்த ஆல்ப்லர்மக்ரோனெனிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பது வழக்கம், அதனால் 'ஓனே ஷ்பெக்' (அது இல்லாமல்) என்று கட்டாயம் சொல்லுங்கள். சூப் காய்கறியாகத் தெரிந்தாலும் அடிநீர் மாட்டெலும்பில் எடுத்ததாக இருக்கலாம். வாலிஸர் டெல்லர் என்ற குளிர்தட்டில் வருவது உலர்த்திய மாட்டிறைச்சியும் பன்றியும். எதையும் ஒதுக்காதவர்கள் தாராளமாக அதை வாங்குங்கள், ரை என்ற தானியத்தில் செய்த அந்த ஊர் ரொட்டியோடு பிரமாதமாக இருக்கும். செம்மறி பிடித்தவர்களுக்கு ஷேஃபர்ஷ்டூபே என்ற உணவகம், கறுப்பு மூக்குள்ள வாலே ஆடுகளை வளர்க்கும் குடும்பத்துடையது.

இரவு சமையலறை சீக்கிரம் மூடிவிடும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் போய்ச் சூடான சாப்பாடு கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. ஏழு மணிக்கு மேஜை பதிவு செய்துவிடுங்கள். டிப்ஸ் கணக்கிலேயே சேர்ந்தது, நல்லா கவனித்தார்கள் என்றால் தொகையை முழுசாக்கிக் கொடுங்கள், போதும். தினமும் வெளியே சாப்பிட்டால் பட்ஜெட் தாங்காது. சமையலறையோடு கூடிய வாடகை வீடு எடுத்து, ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் கோப் கடையில் அரிசி, முட்டை, தயிர் வாங்கிக்கொண்டால் ஒரு வேளை மட்டும் வெளியே நன்றாகச் சாப்பிடலாம். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே அருமை. ஊரிலிருந்து ஊறுகாயும் பொடியும் கொண்டு போங்கள், சீஸும் உருளைக்கிழங்குமாக மூன்று நாள் போனால் நாக்கு தேடும்.

ஸ்விட்சர்லாந்தில் ஓட்டல் சமையலறை வேலையில் 1980கள் முதலே ஈழத்தமிழர்கள் நிறைய. பரிமாறுகிறவரிடம் உள்ளே தமிழ் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல ஊர்களில் இருப்பார்கள். எதில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவர்களைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

நாலு மணிக்குத் தொடங்கும் கொண்டாட்டம்

ஆல்ப்ஸ் ஊர்களில் இரவு வாழ்க்கை மாலை நாலு மணிக்கே தொடங்கிவிடும். சறுக்கி முடித்தவர்கள் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் நேராகப் பாருக்கு வருவார்கள், பாட்டு, ஆட்டம், பீர். இதை அப்ரே ஸ்கீ என்பார்கள். ஸ்கீ போடாதவர்களும் போகலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹென்னு ஷ்டால் சறுக்குப் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது, கூட்டமும் சத்தமும் அங்கேதான் அதிகம், ஆனால் இருட்டிய பிறகு அங்கிருந்து சறுக்குப் பாதையில் நடந்து இறங்கவே கூடாது. பாதை மூடிய பிறகு பனியைச் சமப்படுத்தும் இயந்திரங்கள் வேலை செய்யும், செங்குத்தான இடங்களில் அவற்றை இழுவைக் கம்பியில் கட்டியிருப்பார்கள், இருட்டில் அந்தக் கம்பி தெரியாது, உயிரே போகலாம். நடக்கிறவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் பாப்பர்லா பப் போதும், அதே உற்சாகம், வெளியே வந்தால் தெருவிளக்கு. சுன்னெகாப் பக்கம் ஊருக்குச் சற்று மேலே செர்வோ இருக்கிறது, நெருப்பு மூட்டிய முற்றம், கொஞ்சம் அமைதி, கொஞ்சம் விலை கூட.

குடிக்காதவர்கள் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. சூடான சாக்லேட், ஓவோமால்டீன் என்ற மால்ட் பானம், மசாலா மணக்கும் ஆல்கஹால் இல்லாத பழப் பஞ்ச், பால் தெளிநீரில் செய்த ரிவெல்லா என்று எல்லா இடத்திலும் கிடைக்கும். குடிக்கிறவர்கள் உள்ளூர் வெள்ளை ஒயினான ஃபென்டான்ட் கேளுங்கள். கிளாஸை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்து 'ப்ரோஷ்ட்' சொல்வது அங்கே மரியாதை. பீர், ஒயினுக்கு வயது 16, சாராய வகைகளுக்கு 18.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஏற்ற இடம். பேச்சும் காபியும் போதும் என்றால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் எல்ஸீஸ் பார், 1961லிருந்து நடக்கிறது, ஐரிஷ் காபிக்குப் பேர் போனது, இடம் குட்டியூண்டு. சினிமாவும் பாரும் கலைக்கூடமும் ஒன்றாக இருக்கும் வெர்னிசாஜ் எனக்கு மிகவும் பிடித்த இடம், உள்ளூர்க் கலைஞர் ஹைன்ஸ் யூலன் வடிவமைத்தது, குடிக்காவிட்டாலும் பார்க்கப் போகலாம். ஆட வேண்டும் என்றால் ஓட்டல் போஸ்டின் நிலவறையில் புரோக்கன் பார், பாப்பர்லாவுக்குக் கீழே ஷ்னேவிட்ஷன், இரண்டும் நள்ளிரவை நெருங்கும்போதுதான் சூடுபிடிக்கும்.

வெளியே வரும்போது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாருங்கள், பத்து நிமிட நடைதானே என்று விடாதீர்கள். மது உள்ளே போனால் உடம்பு சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் தோல் வழியாகச் சூட்டை வேகமாக இழந்துகொண்டிருக்கும். நிதானம் இல்லாத ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள், பனியில் உட்கார்ந்து தூங்கிவிட்டால் எழுந்திருக்க மாட்டார். ஆம்புலன்சுக்கு 144. தங்குமிடத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, வாடகை வீடுகளில் இதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

பனி கொட்டி மலை மூடிய நாளுக்கு

அப்படி ஒரு நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு ஓட்டல் நீச்சல் குளமும் சவுனா என்ற வெப்ப அறையும்தான் வழி, உங்கள் ஓட்டலில் இல்லாவிட்டால் வெளி ஆட்களைக் கட்டணத்துக்கு விடும் ஓட்டல்கள் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது: ஜெர்மன் பேசும் பகுதிகளில் சவுனாவுக்குள் நீச்சலுடை அணியாமல் போவதுதான் வழக்கம், ஆணும் பெண்ணும் ஒரே அறையில். துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும், யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சங்கடமாக இருந்தால் பெண்களுக்கு மட்டுமான நேரம் இருக்கிறதா, துண்டு கட்டிக்கொள்ளலாமா என்று வரவேற்பில் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. குளத்தில் எல்லோரும் நீச்சலுடையில்தான் இருப்பார்கள், குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதுவே வசதி.

மறுநாள் வானம் தெளிந்தால் விடியலுக்கு முன்னால் தேவாலயத்துக்குப் பக்கத்துப் பாலத்துக்குப் போய்விடுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க எட்டு மணி ஆகும், அதனால் முந்தின இரவு நேரம் கழித்துப் படுத்தவர்களும் எழுந்துவிடலாம். மாட்டர்ஹார்னின் உச்சியில் முதல் வெளிச்சம் பட்டுச் சிவப்பது சில நிமிடங்கள்தான், பாலத்தில் அதற்கு முன்பே கேமராக்காரர்கள் இடம் பிடித்திருப்பார்கள். அது முடிந்த கையோடு நிலையத்துக்கு நடந்தால் கோர்னர்கிராட் ரயிலில் கூட்டம் சேர்வதற்குள் வலது பக்க ஜன்னல் கிடைத்துவிடும்.